நிறம்: பழுப்புப் பச்சை

பதினோரு வருஷமாகக்
காய்ந்ததை மட்டுமே பார்த்தவள் நான்.
அரக்கு முத்திரை, சணல் கயிறு, காக்கி உறை.
உசிலம்பட்டிப் பேருந்தில்
எவனோ ஒருத்தன் இடுப்பில் கசங்கியது
என் தராசில் வந்து உட்காரும்.
எடை எழுதுவேன். நிறம் எழுதுவேன்.
நுண்நோக்கிக்குக் கீழே
கரடி நகம்போல் வளைந்த மயிர்கள்.
சாயம் விட்டால் சிவக்கும்.
கஞ்சாதான்.
கையெழுத்து. அடுத்தது.

ஆனி மாதம், வில்லாபுரம்,
வாடகை வீட்டு மொட்டைமாடி.
கொடியில் போடுமுன்
சேலைக் கொசுவத்தை உதறியிருக்கிறேன்.
விழுந்ததை நான் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் செருப்பால் தேய்த்திருப்பேன்.
நம்புவது உங்கள் பாடு.

புதினா செத்த பெயின்ட் வாளி.
அதில் ஒரு நாள்
விதைத்தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு
இரண்டு இலை.
கீரை என்று நினைத்தேன், நான்கு நாள்.
பிறகு வந்த ஜோடிக்கு ஓரமெல்லாம் ரம்பப்பல்.
அதற்கடுத்து மூன்று விரல்.
அதற்கடுத்து ஐந்து.
ஒற்றைப்படையில் எண்ணத் தெரிந்த செடி.

சட்டம் எனக்கு மனப்பாடம்.
விதை குற்றமில்லை.
நுனி இல்லாத வெறும் இலை குற்றமில்லை.
பூத்த நுனிதான் கஞ்சா.
ஆனால் வளர்ப்பவளுக்குத் தனியாக ஒரு பிரிவு,
பத்து வருஷம் வரை.
அதுவும் மனப்பாடம்.
தெரிந்தேதான்
அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோனேன்.

ஆடிக் காற்று இரண்டு முறை சாய்த்தது.
பழைய ஸ்கேலை ஊன்றி
ஆய்வகத்துச் சணலால் கட்டினேன்,
முத்திரை முடிச்சு. வேறு முடிச்சு கைக்கு வராது.

வீட்டுக்கார அம்மா சரோஜாபாய்
வடகம் காயவைக்க வந்தவர் நின்றார்.
"என்ன செடி லேப்பம்மா? மரவள்ளியா?"
"ஆமா."
"கிழங்கு வந்தா நமக்கும் ரெண்டு."
தலையாட்டினேன்.
அன்று ராத்திரி விமானம் ஒன்று
மாடியை உரசுவதுபோல் இறங்கியது.
அதன் வெளிச்சத்தில்
நானும் செடியும் அகப்பட்டுக்கொண்ட மாதிரி.

அதே வாரம் ஒரு உறை.
எதிரி ஒன்று: சோலைச்சாமி, வயது பத்தொன்பது.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
சிட்டிகையில் எடுத்தேன்.
பொடிந்தது.
வீட்டில் இருப்பது
விரலைத் தொட்டால் நிமிர்ந்துகொள்கிறது.

புரட்டாசியில் பகல் சுருங்கியது.
கணுவில் குண்டூசித் தலை அளவில் ஏதோ.
ஆணா பெண்ணா என்று
பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன்போல்
காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன்.
கண்ணாடியை அழுத்திப் பிடித்தபோது
வெள்ளையாக இரண்டு இழை,
வாய் திறந்த பாம்பின் நாக்கு.
பெண்.

பிறகு வாசம்.
எலுமிச்சைத் தோல், ஈரச் சாக்கு,
மண்ணெண்ணெய் போன்ற ஒன்று.
மழைக்கு முந்தின சாயங்காலம்
அது படியிறங்கிச் சரோஜாபாயின்
ஜன்னல் வரை போய்விட்டது.
"எலி ஏதும் செத்துக் கிடக்கா, பாருங்களேன்."

பார்த்தேன்.
இடது கையால் வாளியை அணைத்துக்கொண்டு
வலது கையால் இழுத்தேன்.
வேர் மண்ணை விடவில்லை,
மண் வாளியை விடவில்லை.
வந்தபோது மூவரும் ஒன்றாக வந்தோம்,
நான் உட்கார்ந்தபடி.
சமையலறைத் தராசில் வைத்தேன். பழக்கம்.
எடையைச் சொல்ல மாட்டேன்.
நறுக்கி, சாணி வண்டிக்காரரின் குழியில்
நானே போட்டு மூடினேன்.
பிசின் மூன்று நாள் விரலில் இருந்தது.
சீயக்காய்க்கும் போகவில்லை.

மாட்டுத்தாவணியில் மரவள்ளி ஒன்றரைக் கிலோ.
வாளி மண்ணைத் தடவிச்
சரோஜாபாய் கையில் கொடுத்தேன்.
"நல்லா பருத்திருக்கே," என்றார்.

திங்கட்கிழமை, முதல் உறை.
எடை எழுதினேன்.
நிறம் என்ற இடத்தில்
பச்சை என்று எழுதிவிட்டேன்.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடித்து,
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு,
பழுப்புப் பச்சை.